நிறத்தை விடுங்கள், காலைப் பாருங்கள்: பச்சை நீள்கால் ஈயில் புதிய சிற்றினத்தை விவரிப்பது எப்படி?

காலை ஏழு மணிக்குக் கறிவேப்பிலைச் செடியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வெயில் விழுந்த இலையின் மேல் ஒரு சின்ன ஈ நிற்கும். அரிசி அளவுகூட இருக்காது. உடல் முழுக்க உலோகம் போல மின்னும் பச்சை, குச்சி குச்சியாகக் கால்கள். நாலு எட்டு ஓடும், நிற்கும், சட்டென்று பறக்கும், திரும்பவும் அதே இலைக்கே வந்து உட்காரும். அசுவினி, இலைப்பேன் மாதிரி மெல்லிய உடல் கொண்ட பூச்சிகளைப் பிடித்துத் தின்பதுதான் அதன் வேலை.

இது டோலிகோபோடிடே குடும்பம். கிரேக்கத்தில் டோலிகோஸ் என்றால் நீளம், போடோஸ் என்றால் காலுடைய. தமிழில் நீள்கால் ஈ என்று வைத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் 7,000-க்கு மேற்பட்ட சிற்றினங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். வெப்பமண்டல நாடுகளில் இன்னும் பெயரில்லாதவை ஏராளம். உங்கள் தோட்டத்தில் இருப்பதும் அப்படி ஒன்றாக இருக்கலாம். ஆனால் 'இருக்கலாம்' என்பதிலிருந்து 'இருக்கிறது' என்பதற்குப் போக நிறைய உழைக்க வேண்டும். அந்த வழியை முதல்முறை போகிறவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. முதலில் குடும்பம் சரிதானா என்று பாருங்கள்

பச்சையாக மின்னுவதெல்லாம் நீள்கால் ஈ அல்ல. மீன் கடையிலும் குப்பையிலும் மொய்க்கிற பச்சை ஈ லூசிலியா. அது தடித்த உடம்பும் முரட்டு மயிரும் கொண்ட வேறு குடும்பம். ஸ்ட்ராடியோமையிடே குடும்பத்திலும் பச்சையாக மின்னும் ஈக்கள் உண்டு. அவற்றின் சிறகில் நரம்புகள் முன்விளிம்புப் பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்.

நீள்கால் ஈயின் சிறகைப் பத்து மடங்கு கைலென்ஸில் பார்த்தால், குறுக்கு நரம்பு ஒன்று சிறகின் அடிப்பகுதிக்கு மிக அருகில், முதல் கால்பங்குக்குள்ளேயே இருக்கும். ஆணாக இருந்தால் வயிற்றின் நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்பு வயிற்றுக்கு அடியில் முன்னோக்கி மடங்கியிருக்கும். இந்த இரண்டும் தெரிந்தால் போதும், அடுத்ததற்குப் போகலாம்.

2. சேகரிப்பு

மஞ்சள் நிறக் கிண்ணம் ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு சொட்டு விடுங்கள். சோப்பு தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும், மேலே வந்து உட்காரும் ஈ உள்ளே அமிழ்ந்துவிடும். ஈர மண்ணுள்ள நிழலோரத்தில் காலையில் வைத்து மாலையில் எடுங்கள். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றின் புழுக்கள் ஈரமான மண்ணிலும் மட்கிலும் வளர்கின்றன. அதனால் வாய்க்கால் ஓரம், வாழைத் தோட்டம், சதுப்புநிலம் எல்லாமே நல்ல இடங்கள். செடிகளின் மேல் வீசிப் பிடிக்க ஒரு வலையும் வேண்டும்.

கொல்வதற்கு முன்பு உயிரோடு ஒரு படம் எடுத்துவிடுங்கள். கண்ணில் தெரிகிற சிவப்பு, பச்சை மினுக்கம் ஈ காய்ந்ததும் போய்விடும். கண்லென்ஸின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாகிற நிறம் அது.

உருவத்தை ஆராய 70 முதல் 80 சதவீத எத்தனால் போதும். டிஎன்ஏ பார்க்கும் எண்ணம் இருந்தால் 95 சதவீதத்தில் போட்டுக் குளிரில் வையுங்கள். இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, பிடித்த முறை, பிடித்தவர் பெயர் எல்லாவற்றையும் லேபிளில் எழுதி அதே குப்பிக்குள் போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். என் முதல் வருடச் சேகரிப்பில் ஒரு டப்பா முழுக்கப் பந்துமுனைப் பேனாவால் எழுதியிருந்தேன். மூன்றே மாதத்தில் மை எத்தனாலில் கரைந்து, துண்டுச் சீட்டுகள் வெறும் வெள்ளையாகிவிட்டன. அருமையான ஆண் ஈக்கள் நாற்பது இருந்தன, ஆனால் எங்கே பிடித்தவை என்று தெரியாத ஈயை வைத்து எதையும் விவரிக்க முடியாது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இன்னொன்று: காப்புக்காடு, சரணாலயம் போன்ற இடங்களில் சேகரிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

3. ஆண்களைப் பிரித்து, பேரினத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்தக் குடும்பத்தில் சிற்றினத்தை ஆணை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். நெருங்கிய சிற்றினங்களின் பெண்கள் ஒன்றுபோலவே இருப்பார்கள். பெண்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தனிக் குப்பியில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தோட்டத்தில் இலைமேல் ஓடுகிற பளபளப்பான ஈக்களில் பெரும்பாலானவை சயாபோடினே என்ற துணைக்குடும்பம். மேலிருந்து பார்த்தால் இரண்டு கண்களுக்கு நடுவே தலையின் உச்சி பள்ளமாக இறங்கியிருக்கும். சிறகின் நடு நரம்பு கிளை பிரிந்து, மேல்கிளை வில் போல முன்பக்கம் வளையும். சில பேரினங்களில் இந்தக் கிளை இருக்காது.

பேரினத்துக்குப் போக அடையாளத் திறவுகோல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டு கூற்றுகள் இருக்கும், பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். எடுத்துக்காட்டாக, உணர்கொம்பிலிருந்து நீளும் அரிஸ்டா என்ற இழை கண்டைலோஸ்டைலஸ் பேரினத்தில் மேற்புறத்திலிருந்து முளைக்கும், கிரைசோசோமாவில் பெரும்பாலும் நுனியிலிருந்து முளைக்கும். ஆஸ்திரேலியாவின் டேனியல் பிக்கல் 1994-இல் வெளியிட்ட சயாபோடினே ஆய்வு நம் கீழ்த்திசைப் பகுதியின் (தெற்கு, தென்கிழக்கு ஆசியா) பேரினங்களையும் சேர்த்தே அலசுகிறது. தொடங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

4. கால்கள்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். பச்சையை மறந்துவிடுங்கள். அந்தப் பச்சை நிறமிச் சாயம் அல்ல, மேல்தோலின் நுண் அடுக்குகள் ஒளியைத் திருப்புவதால் தெரிவது. விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் அதே ஈ செம்பு நிறமாகும், இன்னும் நகர்த்தினால் நீலமாகும். 'பொன்பச்சை' என்று எழுதி இரண்டு சிற்றினங்களைப் பிரித்தால் அந்தப் பிரிவு நிற்காது.

ஆணின் கால் அப்படி ஏமாற்றாது. பெண்ணுக்கு முன்னால் ஆடிக் காட்டுவதற்கென்றே பல சிற்றினங்களின் ஆண்களுக்குக் காலில், உணர்கொம்பில், சிறகில் அலங்காரங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பாதத்தின் கடைசிக் கணுக்கள் தட்டையாகி வெள்ளி மாதிரி மின்னும். இன்னொன்றுக்கு அரிஸ்டாவின் நுனியில் கொடி கட்டியதுபோல ஒரு சின்னத் தகடு. வேறொன்றுக்கு நடுக்காலில் ஒரே பக்கமாகச் சீப்புப் பல் போல மயிர் வரிசை. பெண் எதைப் பார்த்துத் தன் இனத்து ஆணை அடையாளம் காண்கிறதோ, நாமும் அதையே பார்க்கிறோம். ஈயே எழுதிவைத்த திறவுகோல் அது.

மூன்று ஜோடிக் கால்களையும் தனித்தனியாக அளக்க வேண்டும். தொடை, கெண்டைப்பகுதி, பாதத்தின் ஐந்து கணுக்கள் என்று ஒவ்வொன்றின் நீளத்தையும் மைக்ரோஸ்கோப்பின் அளவுகோலில் குறியுங்கள். தனி அளவைவிட விகிதம் முக்கியம், ஏனென்றால் ஒரே சிற்றினத்தில் பெரிய ஈயும் இருக்கும், சின்ன ஈயும் இருக்கும். பிறகு தடித்த மயிர்களை எண்ணுங்கள்: எந்தக் காலில், முன்புறமா பின்புறமா, அடியிலிருந்து எத்தனை பங்கு தூரத்தில். மார்பின் முதுகுப்பக்கத்திலும் வரிசை வரிசையாக மயிர்கள் உண்டு, அவற்றையும் எண்ணுங்கள். மயிர் உதிர்ந்த இடத்தில் ஒரு குழி தெரியும். குழியும் கணக்கில் சேரும்.

5. வயிற்றின் நுனி

ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்காமல் இந்தக் குடும்பத்தில் புதிய சிற்றினம் என்று அறிவிப்பதை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள். வயிற்றின் கடைசிப் பகுதியை நுண்ணிய ஊசியால் பிரித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு வையுங்கள். தசை கரைந்து கடினமான ஓடு மட்டும் நிற்கும். இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவசரத்துக்குச் சூடாக்கினால் சில நிமிடங்களில் முடியும், ஆனால் கொஞ்சம் கவனம் தப்பினாலும் ஓடே கண்ணாடி போல ஆகி ஓரங்கள் தெரியாமல் போகும். புதியவர்கள் சூடாக்க வேண்டாம்.

அப்புறம் தண்ணீரில் கழுவி, குழிவான கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கிளிசரினில் வைத்துப் பாருங்கள். கிண்ணம் போன்ற பெரிய ஓடு எபான்ட்ரியம். அதன் நுனியில் பற்றுகுறடு போல நீள்பவை சர்ஸ்டைலஸ். இலைபோல, சில சமயம் விரல்போல மயிரோடு தொங்குபவை செர்கஸ். இடப்பக்கப் பார்வையில் படம் வரைவது வழக்கம். கேமரா படம் மட்டும் போதாது, கையால் கோட்டுப்படம் வரையுங்கள். வரையும்போதுதான் கண் அங்கே ஒரு பல் இருப்பதைக் கவனிக்கும். வேலை முடிந்ததும் அதைக் கிளிசரின் நிரப்பிய நுண்குப்பியில் போட்டு, ஈயைக் குத்திய அதே ஊசியில் கீழே செருகிவிடுங்கள்.

6. புதுசுதானா?

எல்லாரும் அவசரப்படுகிற இடம் இது. 'இணையத்தில் தேடினேன், கிடைக்கவில்லை' என்பது ஆதாரம் ஆகாது.

விலங்குகளின் அறிவியல் பெயர்கள் லின்னேயஸ் எழுதிய 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் 1758-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கணக்கில் வருகின்றன. நம் பகுதி நீள்கால் ஈக்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் வீடெமான், பிரான்சிஸ் வாக்கர், பிகோ பெயர் வைத்தார்கள். அப்புறம் 1922-இல் தியோடர் பெக்கர் இந்திய-ஆஸ்திரேலியப் பகுதி முழுவதையும் பற்றி ஜெர்மனில் எழுதினார். அதற்குப் பின் ஓ. பாரான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஏராளமாக விவரித்தார். லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு என்று மூன்று மொழியிலும் படித்தாக வேண்டும், அகராதியை வைத்துக்கொண்டாவது. பழைய விவரிப்புகள் பல நாலு வரிதான், அதிலும் பாதி நிறத்தைப் பற்றி. அப்படிப்பட்ட பெயருக்கு மூலமாதிரியை, அதாவது பெயர் வைத்தபோது ஆதாரமாகக் கொண்ட அதே ஈயை, பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாக்கரின் ஈக்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காப்பாளருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதி, எந்தக் கோணத்தில் படம் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

'எங்கள் ஊர் எங்கே, அந்தத் தீவு எங்கே' என்ற நினைப்பும் வேண்டாம். கிரைசோசோமா லியூகோபோகான் என்ற ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். வீடெமான் 1824-இல் டோலிகோபஸ் பேரினத்தில் வைத்து விவரித்தார். இந்தியப் பெருங்கடல் தீவுகளிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவிக் கிடக்கிறது. ஆக, பழைய பட்டியலில் தேடும்போது இன்றைய பேரினப் பெயரில் மட்டும் தேடினால் இப்படிப்பட்டவை நழுவிவிடும். ஆசிரியர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தால் அந்தச் சிற்றினம் முதலில் வேறு பேரினத்தில் இருந்தது என்று பொருள்.

ஒரே ஒரு ஆணை வைத்து முடிவு செய்யாமல் இருப்பது நல்லது. பத்து இருந்தால் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று தெரியும். டிஎன்ஏவும் கை கொடுக்கும். சிஓஐ மரபணுவின் 658 எழுத்துள்ள ஒரு துண்டைச் சிற்றினத்தை அடையாளம் காட்டும் பார்கோடாகப் பயன்படுத்தலாம் என்று கனடாவின் பால் ஹீபர்ட்டும் குழுவினரும் 2003-இல் முன்வைத்தார்கள். ஒரு பக்கக் காலை மட்டும் எடுத்து அனுப்புங்கள், மறுபக்கக் கால் அப்படியே இருக்கட்டும். தனியாக வைத்த பெண்களை எந்த ஆணோடு சேர்ப்பது என்பதையும் இந்தப் பார்கோடு காட்டிக்கொடுக்கும்.

7. எழுதுவதும் பெயர் வைப்பதும்

'அழகான பச்சை ஈ, கால்கள் நீளமானவை' என்பது விவரிப்பு அல்ல, குடும்பம் முழுவதற்கும் பொருந்தும். கற்பனையாக ஒரு சரியான வரியைச் சொல்கிறேன்: 'ஆணின் நடுக்காலில் பாதத்தின் நாலாவது, ஐந்தாவது கணுக்கள் தட்டை, வெள்ளி நிறம், செர்கஸ் இரண்டாகப் பிளந்தது, மிக நெருங்கிய சிற்றினத்தில் ஐந்தாவது கணு மட்டுமே தட்டை, செர்கஸ் பிளவற்றது.' இதைப் படிக்கிற ஒருவர் கையில் ஈயை வைத்துக்கொண்டு ஆமாம், இல்லை என்று சொல்லிவிடலாம்.

பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இது புதிய சிற்றினம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ஒரே ஒரு ஈயை ஹோலோடைப்பாக, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மூலமாதிரியாக, குறிப்பது நல்லது. அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும். அதோடு சேர்த்து ஆராய்ந்த அதே சிற்றினத்தின் மற்ற ஈக்கள் பாராடைப். மின்னிதழில் வெளியிட்டால் அதற்கு முன்பே ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேட்டில் பதிவு வேண்டும், பதிவு பற்றிய குறிப்பு கட்டுரையிலேயே இருக்க வேண்டும். இந்த விதி 2012-இல் வந்தது. கட்டுரை வருவதற்கு முன்னால் புதிய பெயரை வலைப்பூவிலோ முகநூலிலோ போட்டுவிடாதீர்கள், குழப்பம்தான் மிஞ்சும்.

பெயரில் இலக்கணமும் உண்டு. பெயரடையாக வைத்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். கண்டைலோஸ்டைலஸ் ஆண்பால், அதனோடு விரிடிஸ். கிரைசோசோமா 'மா' என்று முடிந்தாலும் கிரேக்கத்தில் அஃறிணைப்பால், அதனோடு விரிடே. ஆணின் நினைவாக என்றால் கடைசியில் 'ஐ', பெண்ணின் நினைவாக என்றால் 'ஏ' சேர்ப்பது பொது வழக்கம். விரிடிஸ் என்றால் பச்சை என்றுதான் பொருள், நம் ஈக்களுக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது. காலைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ வையுங்கள்.

இந்தியாவில் பிடித்ததென்றால் சட்டமும் இருக்கிறது. உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002-இன் 39-ஆம் பிரிவுப்படி, புதிய இனத்தைக் கண்டுபிடிப்பவர் அதை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் அப்படி ஒரு காப்பகம். ஒப்படைத்ததும் பதிவு எண் தருவார்கள், அதைக் கட்டுரையில் சேருங்கள்.

ஒப்படைப்பதற்கு முன்பு ஒரு வேலை பாக்கி இருக்கும். ஹோலோடைப் ஊசியில் மேலே ஈ, அதன் கீழே நுண்குப்பி, அதன் கீழே ஊர், தேதி எழுதிய லேபிள். எல்லாவற்றுக்கும் அடியில் சின்னதாக ஒரு சிவப்பு லேபிள் செருகுவது வழக்கம். அதில் 'ஹோலோடைப், ஆண்' என்றும், பேரினப் பெயரும், நீங்கள் வைத்த பெயரும் இருக்க வேண்டும்.