ஸ்டேட்டஸ் வளையமும் என் தூக்கமும்

மூன்று வாரமாக ராத்திரி 2 மணிக்கு விழிப்பு. கை தானாகப் போனைத் தேடும், வாட்ஸ்அப்பைத் திறக்கும். பார்த்து முடித்தால், நம்மை விட்டுவிட்டார்களோ என்று ஒரு படபடப்பு.

முதலில் நோட்டிஃபிகேஷனை அணைத்தேன். இன்னும் மோசம்: சத்தம் வராததால் என்ன வந்திருக்குமோ என்று கூடுதலாகத் திறந்தேன். அப்புறம் ஆப்பையே நீக்கினேன். வேலை குரூப்பும் அதில்தான், இரண்டே நாளில் திரும்ப ஏற்றினேன். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கியதும் வீண்.

2013-இல் உளவியலாளர்கள் வெளியிட்ட ஃபோமோ (நாம் இல்லாமல் மற்றவர்கள் மகிழ்கிறார்களோ என்ற பயம்) அளவுகோலில் 10 கேள்விகள். பதில் எழுதிப் பார்த்தேன். நான் இல்லாமல் நண்பர்கள் சந்தோஷமாக இருப்பது தெரிந்தால் கவலை வருமா என்ற இடத்தில் மட்டும் முழு மதிப்பெண்! அப்போதுதான் உறைத்தது. என்னை எழுப்பியது மெசேஜ் இல்லை, ஸ்டேட்டஸ். 24 மணி நேரத்தில் மறைந்துவிடுமே என்ற கெடு. மெசேஜ் காலையிலும் இருக்கும், ஸ்டேட்டஸ் போய்விடும்.

பழைய கல்லூரிக் கும்பலில் ஏழு பேரின் ஸ்டேட்டஸை மட்டும் மியூட் செய்தேன். ஸ்டேட்டஸ் பட்டியலில் பெயரை அழுத்திப் பிடித்தால் அந்த வசதி வரும், அவர்களுக்குத் தெரியாது. புது ஸ்டேட்டஸைக் காட்டும் அவர்களின் பச்சை வளையம் கண்ணில் படுவது நின்றது. ஐந்தாம் நாள் விடியும்வரை தூங்கினேன். அப்பாடா! அவர்களில் இருவரோடு இப்போது போனில் பேசுகிறேன்.