தனியாக மோட்டார் சைக்கிளில் கிராமப்புறப் பயணம்: ஆயத்தமும் ஓட்டமும்

நான்கைந்து பேர் சேர்ந்து போகும்போது ஒரு பஞ்சரோ அறுந்த கிளட்ச் கேபிளோ அரை மணி நேரத் தாமதத்தோடு முடிந்துவிடும். ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் தனியாக நிற்பவருக்கு அதுவே ஒரு பகலை விழுங்கிவிடும். ஆகவே தனிப் பயணத்தில் எந்த வேலையையும் வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே முடித்துவிட வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் சர்வீஸுக்கு விடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். ஒரு வாரத்துக்கு முன்பே அதை முடித்து, 50 கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்தால், சரியாக முறுக்காத நட்டும் ஆயில் கசிவும் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துவிட வாய்ப்புண்டு. டயரின் காற்றை வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருக்கும்.

அதிகக் கவனம் செயினுக்குத் தேவை. கீழ்ப்புறச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்து, தொய்வு வண்டியின் கையேட்டில் குறித்துள்ள அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் பார்த்ததோடு விட்டுவிடாமல், பின்சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி நான்கைந்து இடங்களில் பார்க்க வேண்டும். சீரில்லாமல் தேய்ந்த செயின் ஓரிடத்தில் தளர்ந்தும் இன்னோரிடத்தில் விறைத்தும் நிற்கும். விறைத்த இடத்தை வைத்தே தொய்வைச் சரிசெய்ய வேண்டும். அந்த வேறுபாடு மிக அதிகமாக இருந்தால் செயினையும் அது ஓடும் பல்சக்கரங்களான ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது.

சுமையில் கனமானவை கீழேயும் வண்டியின் நடுப்பகுதியை ஒட்டியும் இருக்கட்டும். பஞ்சர் ஒட்டும் கருவிகள், சிறிய காற்றுப் பம்பு, மாற்று கிளட்ச் கேபிள் ஆகியவை அவசியம். ஆனால் வீட்டு வாசலில் ஒரு முறையேனும் பயன்படுத்திப் பழகாதவருக்கு அவை வெறும் பாரம்தான்.

நாளின் தூரத்தைக் கிலோமீட்டரில் அல்லாமல் மணிக்கணக்கில் திட்டமிடுங்கள். குறுகலான கிராமச் சாலையில் 200 கிலோமீட்டர் என்பது நெடுஞ்சாலையின் 200 கிலோமீட்டர் அன்று. டேங்க் பாதியானதும் பெட்ரோல் நிரப்புவதும், வரைபடத்தை இணையமின்றியும் பார்க்கும்படி முன்பே இறக்கிவைப்பதும் வீண் பதற்றத்தைத் தவிர்க்கும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் போய்விடுகிறது. எனவே முன்னே கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிகிற வேகமே அந்த இடத்துக்குரிய வேகம். வளைவில் சிதறிக் கிடக்கும் ஜல்லியைச் சாய்ந்த நிலையில் சந்தித்தால் டயர் வழுக்கும் என்பதால், நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வைத்து ஓட்டுங்கள். குழியையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டியும் குழிக்கே போகும். நாய் துரத்தினால் காலை உதறாதீர்கள். வேகத்தைத் தணித்து, அது நெருங்கியதும் நேராக முடுக்கிக் கடந்துவிடுங்கள்.

செல்லும் வழியையும் ஒவ்வொரு நாளும் தங்கும் இடத்தையும் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். இரத்த வகையும் அவசரத் தொடர்பு எண்ணும் எழுதிய அட்டை பையில் அன்றி உடையிலேயே இருக்க வேண்டும், ஏனெனில் விபத்தில் பை எங்கோ போய்விழலாம்.

கால்நடைகளும் விளக்கில்லாத வண்டிகளும் கண்ணுக்குப் புலப்படாத அந்தி நேரத்துக்கு முன்பே தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, செயின் இன்னும் சூடாக இருக்கும்போதே துடைத்து எண்ணெய் இட்டால், காலைக்குள் அது இடுக்குகளில் நன்றாக இறங்கியிருக்கும்.