கட்-ஆஃப் சொல்லாதது: படிப்பைத் தேர்வு செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு நடக்கும். கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, ஆக 200-க்கு எவ்வளவு? இன்ஜினியரிங் கட்-ஆஃப் இதுதான். 190-ஐத் தாண்டிய பிள்ளை சிவில் படிக்கிறேன் என்றால், "இவ்வளவு மார்க் எடுத்துட்டு சிவிலா?" என்று சித்தப்பா முதல் பக்கத்து வீட்டு மாமி வரை கேட்பார்கள். கையில் இருக்கும் காசுக்குக் கடையிலேயே விலை கூடின பொருளை வாங்கியாக வேண்டும் என்பது போல.

ஒரு பிரிவுக்கும் கட்-ஆஃப் சொல்வார்கள், அதில் கடைசியாக இடம் கிடைத்தவரின் மார்க் அது. அது ஏறியிருக்கிறது என்றால் போன வருடம் அதை நிறைய பேர் கேட்டார்கள், அவ்வளவுதான். அது உங்களுக்குச் சரிப்படுமா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. இதே மயக்கம் கவுன்சிலிங்கில் சாய்ஸ் கொடுக்கும்போதும் தொடர்கிறது. "நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது" என்று, விரும்பியதைக் கீழே தள்ளிவிட்டு, கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே போடுகிறார்கள். இடம் ஒதுக்கும் முறையைப் பாருங்கள்: உங்கள் ரேங்க் முறை வரும்போது, பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, எதில் முதலில் இடம் காலியாக இருக்கிறதோ அதைத் தருவார்கள். எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. வேண்டாத பிரிவை வேண்டியதற்கு மேலே போட்டால்தான் ஆபத்து, அதுவே கிடைத்துவிடும்.

சரி, வேண்டியது எது என்று எப்படித் தெரியும்? "உனக்கு எதில் இன்ட்ரஸ்ட்?" என்று கேட்டால் பதில் வராது. பதினேழு வயதில் பார்த்தது நாலைந்து பாடப் புத்தகங்கள்தான். பிடித்த பாடம் என்று சொல்வதும் பல நேரம் பிடித்த வாத்தியார்தான். ஆப்டிட்யூட் டெஸ்ட் எழுதினால் தெரிந்துவிடும் என்பார்கள். நம்மைப் பற்றி நாம் நினைப்பதைக் கேட்டு, அதையே வகைபிரித்துத் திருப்பித் தருகிறவைதான் அவற்றில் பல. பேச்சைத் தொடங்க உதவும், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னைக் கேட்டால், சேரப்போகும் படிப்பின் சிலபஸைத் திறந்து பார்க்காமல் சேர்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் செமஸ்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2021 பாடத்திட்டத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம், தமிழர் மரபு என்று பெரும்பாலும் எல்லாப் பிரிவுக்கும் ஒரே சாப்பாடுதான். மூன்றாவது, நான்காவது செமஸ்டருக்குப் போங்கள். மெக்கானிக்கலில் தெர்மோடைனமிக்ஸ் வரும். கம்ப்யூட்டர் சயின்ஸில் டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் வரும். கேம் விளையாடப் பிடிக்கும் என்று சிஎஸ்இ எடுத்தவர், கம்ப்யூட்டரையே தொடாமல் தாளில் நிரூபணம் எழுத வேண்டிய பாடத்தைப் பார்த்துத் திகைப்பது அங்கேதான்.

ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் என்பிடெல் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. இந்தப் பாடங்களில் ஒன்றில் இரண்டு மூன்று வகுப்புகளை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பாருங்கள். எல்லாம் புரிய வேண்டும் என்பதில்லை. கணக்கு வரவில்லை என்றாலும் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கத் தோன்றுகிறதா, போனை எடுக்கத் தோன்றுகிறதா என்று கவனித்தால் போதும்.

சீனியர்களிடமும் சொந்தக்காரர்களிடமும் "ஸ்கோப் இருக்கா?" என்று கேட்பது வீண். நீங்கள் வேலைக்குப் போக இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. ஒரு காலத்தில் மெக்கானிக்கலுக்கு முண்டியடித்த கூட்டம் இன்று கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டது. அதற்குப் பதில், "நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். சைட் இன்ஜினியர் கான்கிரீட் லாரிக்குக் காத்திருந்ததையும் மேஸ்திரியோடு மல்லுக்கட்டியதையும் சொல்வார். ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவர் வவுச்சர் சரிபார்த்ததைச் சொல்வார். எல்லா வேலையிலும் அலுப்பு உண்டு. எந்த அலுப்பை உங்களால் தாங்க முடியும் என்பது இப்படிக் கேட்டால்தான் பிடிபடும்.

அப்புறம், இந்த ஒரு முடிவில் வாழ்க்கையே அடங்கிவிட்டது என்ற பயம். டாக்டர், வக்கீல், ஆர்க்கிடெக்ட் ஆகிய தொழில்களுக்கு அதற்கென்றே உள்ள படிப்பு சட்டப்படி வேண்டும். ஆர்க்கிடெக்ட் என்று பெயர்ப்பலகை மாட்டவே 1972 சட்டப்படி பதிவு தேவை. ஆனால் யுபிஎஸ்சி சிவில் சர்வீசஸ், டிஎன்பிஎஸ்சி குரூப் 1, எம்பிஏ, மூன்று வருட சட்டப் படிப்பு எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு பட்டம் இருந்தால் போதும். சாஃப்ட்வேர் நிறுவனங்கள் மெக்கானிக்கல், சிவில் மாணவர்களையும் கேம்பஸில் எடுக்கின்றன. அதனால் உங்கள் மனதில் உள்ள வேலை எந்த வகை என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகை என்றால் இவ்வளவு பதற்றம் தேவையில்லை. பெரிய கடன் வாங்கி மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்வதற்கு மட்டும் நன்றாக யோசியுங்கள். பின்னால் மனம் மாறினாலும் தவணை மாற விடாது.

ஏற்கெனவே கல்லூரியில் இருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. முதல் வருடக் கணிதத்தில் அரியர் விழுந்ததும் "இது எனக்கான படிப்பே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு இது அதிகம் நடக்கிறது. பாடம் புரியாததற்கும் ஆங்கிலம் புரியாததற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதே பாடத்தைத் தமிழில் ஒருவர் விளக்கும்போது பிடிபட்டால் பிரச்சினை மொழியில்தான், இரண்டு செமஸ்டரில் சரியாகிவிடும். தமிழில் விளக்கியும், தேர்விலே பாஸாகியும், மூன்றாவது செமஸ்டர் பாடம் ஒன்றுகூட ஒட்டவில்லை என்றால் அது வேறு விஷயம். அப்போதும் படிப்பை விடச் சொல்ல மாட்டேன். செமஸ்டர் லீவில் வேறு துறையில் ஒரு சின்ன இன்டர்ன்ஷிப், வேறு டிபார்ட்மென்ட்டில் ஒரு ஓப்பன் எலெக்டிவ் (நாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடம்) என்று தொட்டுப் பாருங்கள். கேம்பஸ் இன்டர்வியூ வரும்வரை காத்திருந்தால், எந்தக் கம்பெனி முதலில் வருகிறதோ அதுதான் உங்கள் துறையை முடிவு செய்யும்.