அலகு எப்படி பெருசாச்சு? இயற்கைத் தேர்வ பத்தி நாம வழக்கமா பண்ற தப்புகள்

"உடம்புக்கு மாத்திரை பழகிடுச்சு, இனிமே கேக்காது"ன்னு வீட்டுல யாராவது சொல்லி கேட்டிருப்பீங்க. ஆன்டிபயாடிக் விஷயத்துல இது தப்பு, பழகுனது உடம்பு இல்ல, உள்ள இருக்கற பாக்டீரியா கூட்டத்துல ஆளுங்க மாறிட்டாங்க. சரி பாக்டீரியாவாச்சும் மருந்துக்கு பழகிச்சான்னு கேட்டா அதுவும் கிடையாது. நான் பிளஸ் டூ பசங்களுக்கு பயாலஜி எடுக்கறேன், நல்லா படிக்கற பசங்களே இந்த இடத்துலதான் வழுக்குவாங்க, இயற்கைத் தேர்வுக்கு (சூழலுக்கு தக்கது அதிகம் பொழச்சு பெருகறது) வரையறைய ஒரு எழுத்து விடாம எழுதிட்டு அடுத்த வரியிலயே "அதனால பறவை தன் அலகை பெருசாக்கிக் கொண்டது"ன்னு போட்டுடுவாங்க.

அந்தப் பறவைய வச்சே சொல்றேன். ஈக்வடாருக்கு சொந்தமான கலாபகஸ் தீவுகள்ல டாஃப்னி மேஜர்னு ஒரு குட்டி தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட்னு ஒரு தம்பதி 1973ல இருந்து வருஷா வருஷம் அங்க போயி ஃபின்ச் குருவிகள புடிச்சு, கால்ல வளையம் மாட்டி, அலகோட நீளம் தடிமன் எல்லாத்தையும் அளந்து எழுதி வச்சாங்க, எந்தக் குருவிக்கு எது குஞ்சுங்கறது வரைக்கும் கணக்கு இருக்கு. 1977ல மழை பொய்ச்சுப்போச்சு. சின்ன மெத்துன்னு இருக்கற விதையெல்லாம் முதல்ல காலி, மிச்சம் இருந்தது பெரிய கெட்டி விதைங்க, அதுல முக்கியமானது நம்ம ஊர் நெருஞ்சியோட உறவுக்கார செடி ஒண்ணு, நெருஞ்சி முள்ளு குத்துனவங்களுக்கு தெரியும் அது எவ்ளோ கெட்டின்னு. தடிச்ச அலகு இருக்கற குருவிதான் அத உடைச்சு திங்க முடியும். அங்க இருந்த நடுத்தர தரை ஃபின்ச்ல கிட்டத்தட்ட 85 சதவீதம் போயிடுச்சு. பொழச்சதோட சராசரி அலகுத் தடிமன் முன்ன இருந்தத விட அரை மில்லிமீட்டர் போல கூடியிருந்துச்சு.

இப்ப கவனிங்க, இதுல எந்த ஒரு குருவியோட அலகும் வளரவே இல்ல. பஞ்சத்துக்கு முன்னாடியே தடிச்ச அலகு, மெலிஞ்ச அலகு ரெண்டும் கலந்துதான் அந்தக் கூட்டத்துல இருந்துச்சு, மெலிஞ்சது நிறைய செத்ததால சராசரி நகர்ந்துச்சு, அவ்ளோதான். பசி எடுத்ததால அலகு தடிக்கல, தேவைங்கறது எந்த மரபணுவையும் போயி மாத்தாது. இன்னொரு விஷயத்தையும் பசங்க விட்டுடுவாங்க, செத்தது பொழச்சதுன்னு எழுதுனா அது தேர்வு மட்டும்தான். அந்த அலகு அடுத்த தலைமுறைக்கு போனாதான் பரிணாமம். 1978ல பொறந்த குஞ்சுங்களுக்கும் அலகு தடிச்சே இருந்துச்சு, ஏன்னா அலகுத் தடிமன் பெருமளவு பெத்தவங்ககிட்ட இருந்து வர்றது. இந்த ஒரு வரிய எழுதாம விட்டா விடை பாதிதான்.

அப்ப தடிச்ச அலகுதான் நல்ல அலகா? இதுதான் அடுத்த தப்பு, பரிணாமம்னாலே மேல மேல முன்னேறிப் போறதுன்னு நெனைக்கறது. 1983ல எல் நினோ (பசிபிக் கடல் தண்ணி வழக்கத்த விட சூடாகறது) வந்து மழை கொட்டித்தீர்த்துச்சு, செடி கொடி மண்டி தீவு பூரா சின்ன விதையா ஆயிடுச்சு, அதுக்கப்புறம் வந்த வறட்சியில சின்ன அலகுக் குருவிங்கதான் நல்லா பொழச்சுது. இத விட எனக்கு ரொம்ப புடிச்சது 2004 கதை. மறுபடியும் வறட்சி, 1977 மாதிரியே தடிச்ச அலகுதான் ஜெயிக்கும்னு நாம எழுதுவோம், ஆனா நடந்தது தலைகீழ். நடுவுல 1982ல பெரிய தரை ஃபின்ச்னு இன்னொரு இனம் அந்தத் தீவுல வந்து குடியேறி பெருகியிருந்துச்சு, கெட்டி விதையெல்லாம் அதுங்க தின்னு தீர்த்துடுச்சு, அதோட போட்டி போட முடியாம நடுத்தர ஃபின்ச்ல தடிச்ச அலகு உள்ளதுங்கதான் அதிகம் செத்துச்சு. ஒரே தீவு, ஒரே இனம், ஒரே மாதிரி வறட்சி, பக்கத்து வீட்டுக்காரன் மாறுனதும் விடையே மாறிடுச்சு. பின்னால டிஎன்ஏவ படிச்சு பாத்தப்ப ஹெச்எம்ஜிஏ2ங்கற மரபணுப் பகுதிக்கு இதுல பெரிய பங்கு இருந்தது தெரிஞ்சுது, அந்த வறட்சியில பொழச்சதுகள்ல அந்த மரபணுவோட சின்ன அலகுக்கான வடிவம் கூடுதலா இருந்துச்சு.

அதனால "வலுத்தது வாழும்"னு மொழிபெயர்க்கறத தயவுசெஞ்சு நிறுத்துங்க. "survival of the fittest"ங்கற அந்த ஆங்கிலத் தொடர 1864ல எழுதுனது ஹெர்பர்ட் ஸ்பென்சர்ங்கற தத்துவ அறிஞர், டார்வின் பின்னாடி தன்னோட 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்தோட 1869 பதிப்புலதான் எடுத்துக்கிட்டாரு. "தக்கன பிழைக்கும்"ங்கறதுதான் சரி, எதுக்கு தக்கதுன்னா அந்த நேரத்து அந்த எடத்துக்கு.

பாக்டீரியாவுக்கு வருவோம். மருந்து பட்டதும் அது கத்துக்கிச்சா, இல்ல ஏற்கனவே தாங்கற சில பேர் உள்ள இருந்தாங்களாங்கறது ஒரு காலத்துல நெஜமான சண்டை. லூரியா, டெல்ப்ரூக்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1943ல, மருந்துக்கு பதிலா பாக்டீரியாவ தாக்கற வைரச வச்சு, ரெண்டாவதுதான் சரின்னு கணக்கு போட்டு காமிச்சாங்க, 1952ல ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் ரெண்டு பேரும் வெல்வெட் துணிய வச்சு கண்ணால பாக்கற மாதிரி காமிச்சாங்க. ஒரு தட்டுல பாக்டீரியாவ வளத்து, அது மேல வெல்வெட்ட முத்திரை குத்தற மாதிரி ஒத்தி, அதே துணிய மருந்து கலந்த தட்டுங்கள்ல ஒத்துனாங்க. எல்லா தட்டுலயும் அதே இடத்துலதான் பொழச்சுது. திரும்பி மருந்தே படாத முதல் தட்டுல அந்த இடத்துல தேடுனா தாங்கற பாக்டீரியா அங்க ஏற்கனவே இருக்கு! இத வகுப்புல சொல்லும்போது எனக்கு இன்னமும் புல்லரிக்கும். டிபிக்கு ஒரே நேரத்துல நாலு மருந்து குடுத்து ஆரம்பிச்சு ஆறு மாசம் இழுக்கறதுக்கு காரணமும் இதுலதான் இருக்கு, ஒரு மருந்த தாங்கற கிருமி கூட்டத்துல எங்கயாவது இருக்கலாம், எல்லாத்தையும் சேத்து தாங்கறது கெடைக்கறது ரொம்ப அபூர்வம். பாதியில நிறுத்துனா மிச்சம் இருக்கறது பெருகறதுக்கு நாமளே வழி விடறோம்.

கெட்ட மரபணுவ இயற்கை தொடச்சு எடுத்துடும்னு நெனைக்கறதும் தப்புதான். அரிவாள் செல் ரத்தசோகைக்கு காரணமான மரபணு வடிவம் அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தா கொடுமையான நோய், ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்தா பெரும்பாலும் தொந்தரவு இல்லாததோட கடும் மலேரியாவுல இருந்து நல்ல பாதுகாப்பும் கெடைக்குது, 1954ல ஆண்டனி ஆலிசன் இத காமிச்சாரு. மலேரியா இருந்த பகுதிகள்ல அது அழியாம நின்னதுக்கு அதுதான் காரணம். இந்தியாவுல இது முதல்ல பதிவானது நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான், 1952ல. அந்த மக்கள்கிட்ட குறை இருக்குன்னு யாராவது பேசுனா இந்த வரலாற சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு, எண்ணிக்கை கூடிட்டா இனம் தப்பிச்சிடுச்சுன்னு நெனைக்கறது. வட பசிபிக்ல இருக்கற யானை சீல்கள எண்ணெய்க்காக வேட்டையாடி 1890கள்ல விரல் விட்டு எண்ணற அளவுக்கு கொண்டு வந்துட்டாங்க. காப்பாத்துனாங்க, இன்னிக்கு ஒரு லட்சத்த தாண்டிடுச்சு, ரொம்ப சந்தோஷமான விஷயம். ஆனா 1970கள்ல ரத்தத்துல இருக்கற புரோட்டீன்கள சோதிச்சப்ப ஒண்ணுக்கொண்ணு வேறுபாடே கெடைக்கல, எல்லாம் அந்த கொஞ்ச பேரோட பிள்ளைங்கதானே. அங்க தொலைஞ்ச வேறுபாடு தேர்வுல தோத்துப் போனது கூட இல்ல, யாரு தப்பிச்சாங்கங்கற குருட்டு அதிர்ஷ்டத்துல போனது. எண்ணிக்கை நூறு வருஷத்துல திரும்பி வந்துடுச்சு, வேறுபாடு புது திடீர்மாற்றங்களா (மரபணுவுல தற்செயலா வர்ற மாற்றம்) சொட்டு சொட்டாதான் சேரும், அதுக்குள்ள ஒரு புது நோய் வந்தா இயற்கை எத தேர்ந்தெடுக்கறது?