ட்ரோகாரில் கேஸ் கசியாமல் இருக்க: பூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வயிற்றில் கேஸ் நிரப்பி, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சைக்குப் புதிதாக ஸ்க்ரப் ஆகிறவர்களுக்கு (கருவி எடுத்துக் கொடுப்பவர்களுக்கு) இது. அந்தத் துளையில் செருகி, கருவிகளை உள்ளே விடும் குழாய்தான் ட்ரோகார். ஸ்டெரைல் முறைகள் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன், நேரே கருவிகளுக்குப் போவோம்.

முதலில் வெரஸ் ஊசி, வயிற்றுக்குள் கேஸ் செலுத்தக் குத்துவது. மொட்டையான உள்தண்டின் நுனியை ஸ்கால்பல் கைப்பிடியில் அழுத்துங்கள், உள்ளே போய், விட்டதும் டக்கென்று வெளியே வர வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் அந்த ஊசி வேண்டாம், வேறு எடுங்கள். வயிற்றுச்சுவரைத் தாண்டியதும் முன்னே பாய்ந்து ஊசியின் கூர்முனை குடலில் படாமல் காப்பது அந்தத் தண்டுதான். (ஹங்கேரி மருத்துவர் யானோஷ் வெரஸ் 1930களில் காசநோயாளிகளின் நெஞ்சுக்குள் காற்றுச் செலுத்த உருவாக்கியது, அந்த ஸ்பிரிங் யோசனை இன்னும் மாறவில்லை.) பிறகு சிரிஞ்சால் சலைன் தள்ளி அடைப்பு இல்லையா என்று பாருங்கள்.

அடுத்து இன்சஃப்ளேட்டர் (கேஸ் செலுத்தும் இயந்திரம்) குழாய். கேஸைத் திறந்துவிட்டு குழாயை மடக்கிப் பிடித்தால் அழுத்தம் சட்டென ஏறி, பாய்வு நிற்க வேண்டும்.

இப்போது ட்ரோகார். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் உலோக ட்ரோகாரைக் கழுவக் கழற்றும்போது சிலிக்கோன் வாஷர் தனியாக வந்துவிடும், அது இல்லாமலும் மூடி நன்றாகவே பூட்டிக்கொள்ளும், பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, ஆனால் உள்ளே போட்ட பிறகு 12 மி.மீ. பாதரச அழுத்தம் நிற்கவே நிற்காது. அதனால் மூடியைத் திருகும் முன் வாஷரை விரலால் தொட்டுப் பாருங்கள், ஓரத்தில் கீறல் இருந்தால் மாற்றுங்கள். கூர்மையான ஹுக்கை அவசரமாக உருவினால் கிழிவது இதுதான். 10 மி.மீ. ட்ரோகாரில் 5 மி.மீ. கருவி போடுவதென்றால் ரெடியூசர் (வாயைச் சிறிதாக்கும் துண்டு) தட்டில் தயாராக இருக்கட்டும். ஸ்டாப்காக் (கேஸ் வழியைத் திறந்து மூடும் திருகு) கைப்பிடி குழாய்க்கு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது.

ட்ரோகாருக்குள் கேஸை அடைக்கும் வால்வுகளில் என் தேர்வு ஃபிளாப் (தானே மூடும் மடல்) வால்வுதான். அழுத்தித் திறக்கும் ட்ரம்பெட் வால்வை ஒழுங்காக அழுத்தாமல் கருவியை நுழைத்தால் கருவியின் இன்சுலேஷன் உரிந்துபோகும், அப்புறம் காட்டரி (மின்சாரத்தால் சுடுவது) போடும்போது மின்சாரம் வேண்டாத இடத்தில் பாயும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரிபார்த்தும் கசிகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். மூடியின் மேல் ஒரு சொட்டு, தோல் ஓரத்தில் ஒரு சொட்டு சலைன் விடுங்கள். மூடியில் குமிழ் வந்தால் வாஷர் அல்லது வால்வு. தோல் ஓரத்தில் வந்தால் ட்ரோகாரில் குறையில்லை, தோலில் போட்ட கீறல் பெரிதாகிவிட்டது. சர்ஜனிடம் சொல்லுங்கள், சுற்றி ஒரு தையல் போட்டு இறுக்குவார்.