பீட்டா செல்லின் கால்சியத் துடிப்பு: எங்கெல்லாம் சறுக்குகிறோம்

"குளுக்கோஸ் வந்ததும் கால்சியம் சானல் திறக்கிறது." பதில் தாள்களில் நான் அடிக்கடி பார்க்கும் வரி இது. குளுக்கோஸ் அந்தச் சானலை, அதாவது செல் சவ்வில் அயனிகள் கடக்கும் வாயிலை, தொடுவதே இல்லை. இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் எரிந்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி கூடுகிறது. அது கூடக் கூட, கே-ஏடிபி என்னும் பொட்டாசியம் சானல்கள் மூடுகின்றன. திறப்பதில்லை, மூடுகின்றன. பொட்டாசியம் வெளியே கசிவது குறைந்ததும், மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் கிடந்த சவ்வின் மின்னழுத்தம் மேலே ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் கால்சியம் சானலைத் திறக்கிறது; உள்ளே பாயும் கால்சியம் இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. இந்த வரிசை பிசகினால் மருந்துகளும் புரியாது: நீரிழிவு மருந்தான சல்ஃபோனைல்யூரியா கே-ஏடிபியை மூடி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, டயசாக்சைடு அதைத் திறந்து சுரப்பை அடக்குகிறது.

கே-ஏடிபியை ஒரே தடவை தட்டிவிடும் சுவிட்சாக நினைப்பது அடுத்த பிழை. அப்படியானால் கால்சியம் ஏறி அங்கேயே நிற்க வேண்டுமே! உண்மையில் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வந்த கால்சியமே வேறு சில பொட்டாசியம் சானல்களைத் திறந்துவிடுகிறது. அந்தக் கால்சியத்தை வெளியேற்றவும், செல்லுக்குள் அதன் கிடங்காக இருக்கும் எண்டோபிளாச வலையில் சேர்த்து வைக்கவும் பம்புகள் ஏடிபியைச் செலவழிக்கின்றன. ஏடிபி சரிய, கே-ஏடிபி கொஞ்சம் திறக்கிறது, செல் அடங்குகிறது. பிறகு மறுபடி முதலிலிருந்து. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிக அழகான இடம் இதுதான்.

தனியாகப் பிரித்தெடுத்த ஒரு செல்லின் தாளத்தை, கணையத்தில் இந்தச் செல்கள் கூட்டமாக இருக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டு முழுவதின் தாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திட்டில் பீட்டா செல்கள் கனெக்சின்-36 என்னும் புரதத்தால் ஆன இணைப்புகளால் கோர்க்கப்பட்டுச் சேர்ந்து துடிக்கின்றன. சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவதும் ஆபத்து. மனித பீட்டா செல்லில் சோடியம் சானல்களுக்கும் குறைந்த மின்னழுத்த ஏற்றத்திலேயே திறக்கும் டி-வகைக் கால்சியம் சானல்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

மிகவும் வருத்தம் தருவது, அளவீடுகளைச் சராசரி போடுவதில் வரும் பிழை. இரண்டு திட்டுகள், இரண்டும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை துடிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது பள்ளத்தில் இருந்தால், சராசரி தட்டையான கோடாகத்தான் வரும். "துடிப்பு இல்லை" என்று எழுதிவிடுவோம். வேகத் துடிப்பிலும் இதே கதை நடக்கும்: 20 நொடித் தாளத்தை 20 நொடிக்கு ஒரு கால்சியப் படம் எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு படத்திலும் அதே உயரம்தான் தெரியும். 1 அல்லது 2 நொடி இடைவெளியில் படம் எடுங்கள். ஒவ்வொரு திட்டின் கோட்டையும் தனித்தனியே கண்ணால் பார்த்த பிறகு சராசரி போடுங்கள்.