மே மாதத்தில் தெற்கே சுற்றப் போகிறவர்கள் செய்யும் தவறுகள் (எல்லாவற்றையும் நாங்கள் செய்துவிட்டோம்)

கல்லூரித் தேர்வு முடிந்த வாரம், ஆளுக்கொரு தோள்பையுடன் நானும் அறைத்தோழனும் திருச்சியிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். கிளம்பினோம் என்பதுகூட மிகைதான். எங்கள் ரயில் முந்தின நாளே போய்விட்டிருந்தது.

சென்னையிலிருந்து மாலையில் புறப்பட்டுத் தெற்கே போகும் வண்டிகளில் சில, திருச்சிக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகப்போகிறோம், ஆகவே தேதி வெள்ளிக்கிழமை என்று நினைத்து முன்பதிவு செய்தவன் நான். இரவு 12.20 மணி என்றால் அது சனிக்கிழமை அல்லவா? எங்கள் படுக்கையில் ஒரு பெரியவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பரிசோதகர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது நேற்றைய வண்டி” என்றார். நாம் ஏறும் நிலையத்துக்கு வண்டி எந்தத் தேதியில் வருகிறதோ, அந்தத் தேதிக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையே வரும் வண்டி என்றால், பணம் கட்டும் முன் காலண்டரை இன்னொரு முறை பாருங்கள்.

இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிவரை காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுவிட்டால், அது தானாக ரத்தாகிவிடும். அதைக் காட்டி ஏற முடியாது. முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. தேர்வு அட்டவணை வந்த அன்றே டிக்கெட்டையும் எடுத்துவிடுவது நல்லது.

அந்த இரவு பஸ் பிடித்து மதுரைக்குப் போனோம். நான்கு மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கி, விடுதியில் படுத்து, நண்பகல்வரை தூங்கிவிட்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனபோது மணி ஒன்று. நடை 12.30க்குச் சாத்தினால் மாலை நான்குக்குத்தான் திறக்கும். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலையே மதியம் பூட்டிவிடுவார்கள். இவ்வளவு பெரிய கோயிலை யார் பூட்டப்போகிறார்கள் என்று ஏனோ நினைத்துவிட்டோம். மாலையில் போனபோது அரைக்கால் சட்டையோடு உள்ளே போக முடியாது என்று தெரிந்தது. எங்கள் பைகளில் வேட்டி இல்லை. செல்போனும் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

காத்திருந்த மூன்று மணி நேரத்தில் இன்னொரு தவறு. நாவறட்சிக்கு என்று ஆளுக்கு இரண்டு ஜிகர்தண்டா குடித்தோம். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். அது தின்பண்டம், தண்ணீர் அல்ல. இனிப்பும் பாலும் சேர்ந்து தாகத்தை இன்னும் கூட்டின. அதன்மேல் இரவு கறிதோசை. மறுநாள் காலையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். வெயிலுக்கு நீர்மோரோ இளநீரோ முதலில். ஜிகர்தண்டா பொழுது சாய்ந்தபின்.

பஸ்ஸில் தெற்கே போகும்போது, வெயில் படாமலிருக்க, காலையில் வலப்பக்கமும் பிற்பகலில் இடப்பக்கமும் உட்காருங்கள். நாங்கள் இரண்டு வேளையும் மாற்றி உட்கார்ந்தோம்.

இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு, ஈர உடையோடு சன்னிதிக்குப் போக முடியாது. மாற்றுத்துணி கையில் இருக்க வேண்டும், அறையில் அல்ல. தனுஷ்கோடிக்கு நாங்கள் போனதோ உச்சி வெயிலில். 1964 டிசம்பர் புயல் அழித்துப்போட்ட அந்த ஊரில், இடிந்த தேவாலயச் சுவரின் நிழலைத் தவிர ஒதுங்க இடமில்லை. மணலில் வெறுங்காலோடு நடந்தால் படமெடுக்க நன்றாக இருக்கும் என்று செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினோம். இருபது அடிகூடப் போகவில்லை. சாலை முடியும் அரிச்சல்முனையில் கடலில் இறங்கவும் வேண்டாம். அமைதியாக இருக்கும் வடபக்கத்தைப் பெண்கடல் என்றும், சீறும் தென்பக்கத்தை ஆண்கடல் என்றும் உள்ளூரில் சொல்வார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீரோட்டம் காலை வாரிவிடும்.

திரும்பும் வழியில் காலையில் பதநீர் வாங்கினோம். குடித்தது போக மீதியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, பையில் வைத்தேன். பதநீர் புளிக்காமல் இருப்பதற்குக் கலயத்தில் தடவும் சுண்ணாம்புதான் காரணம்; அதுவும் ஓரளவுக்குத்தான். வெயிலில் பையோடு வெந்த பாட்டில், கூட்டம் நிறைந்த பஸ்ஸில் பிற்பகல் இரண்டு மணிக்கு வெடித்தது. கள்ளுக்குத் தடையுள்ள மாநிலத்தில், கள் நாற்றமடிக்கும் சட்டையோடு நான்கு மணி நேரம் பயணம் செய்தேன். பக்கத்து இருக்கை அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறிவிட்டார். பதநீரை வாங்கிய இடத்திலேயே, காலையிலேயே குடித்துவிட வேண்டும்.

குற்றாலத்துக்குப் போனதுதான் பெரிய அசட்டுத்தனம். அங்கே சீசன் தென்மேற்குப் பருவமழையோடு வருவது, ஜூனில் தொடங்கும். மே மாதத்தில் பேரருவியில் பெரும்பாலும் பாறைதான் இருக்கும். நாங்கள் அதைத்தான் பார்த்தோம். கோடைமழை பெய்தால் தண்ணீர் வருவதும் உண்டு. அது இன்னும் ஆபத்து. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது. மலையில் மழை பெய்வது கீழே நிற்பவனுக்குத் தெரியாது. குளிக்கத் தடை என்று காவலர் சொன்னால் வாதாடாமல் கரையேறிவிடுங்கள்.

திருநெல்வேலியில் இருட்டுக்கடை அல்வாவுக்கு நண்பகலில் போய் நின்றோம். அந்தக் கடை மாலையில்தான் திறக்கும். எதிரே நெல்லையப்பர் கோயில். அங்கே போய் உட்காரலாம் என்று திரும்பினோம். அதுவும் சாத்தியிருந்தது.